எட்டு நாள் சொந்தக்காரி

பஸ்ஸில் ஏறியதும் மனோன்மணியக்கா முதலில் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார். ரிக்கெற் எல்லாம் அதற்குப் பிறகுதான். பலெர்மோ நகரின் பிரான்காச்சோவில் ஏறும்போது ஒருமுறை, ஸ்டேஷனடியில் இறங்கி லிபெர்த்தா பஸ்ஸுக்கு மாறும்போது ஒருமுறை, பக்கத்தில் எவனாவது இடித்துக்கொண்டு நின்றால் இன்னும் ஒருமுறை. நெஞ்சுநோக்காரி என்று நினைத்து ஒரு சிசிலிக்காரி எழும்பி இடம் கொடுத்தாள். அக்கா அதில் இருக்கவில்லை. அவருடைய உள்சட்டையில் சட்டை ஊசியால் குத்தியிருந்தது ஒரு சாவி. வருடத்தில் எட்டு நாள் மட்டும், யூதர்களின் பஸ்கா வருகிற வசந்தத்தில், அது அங்கே இருக்கும்.

"விழுந்து துலைஞ்சா ஆர் பதில் சொல்லுறது?" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஆள் கட்டை. தலைமயிரை இறுக்கி முடிந்து மேலே ஒரு பிளாஸ்ரிக் கிளிப் போட்டிருப்பார். கையில் எந்நேரமும் பிளீச் மணம். கறி காய்ச்சினாலும் போகாது, சந்தனம் பூசினாலும் போகாது. வன்னியில் சண்டை முடிந்தபின் தனியாக வந்து சேர்ந்தவர். கணவர் விக்னராஜா அங்கேயே செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்த நாளிலிருந்து பலெர்மோவில் வீடு துடைக்கிறார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் தொங்கும் படத்தைப் பார்க்கமாட்டார். குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்ப்பார். "ஆக்களின்ர குணம் அங்கைதான் கிடக்கு" என்பது அவர் முடிவு. ஏப்ரலில் சிரோக்கோ காற்று ஆபிரிக்காவின் செம்மண்ணைக் கொண்டுவந்து ஜன்னலெல்லாம் அப்பிவிட்டுப் போகும். அக்கா அதோடு நேருக்கு நேர் சண்டை பிடிப்பார். "நேற்றும் வந்தனி, இண்டைக்கும் வந்திட்டாய். உனக்கு வேற வீடு கிடைக்கேல்லையோ?"

வேலை செய்யும் வீட்டில் அவர் கதிரையில் இருக்கமாட்டார். குசினி மூலையில் ஒரு முக்காலி, அதில்தான் சோறு, அதில்தான் தேத்தண்ணி. சம்பளத்தையும் கையில் வாங்கமாட்டார். மேசையில் வைத்துவிட்டுப் போகவேண்டும், அவர் பிறகு எடுப்பார். "ஒருத்தரிட்டையும் கை நீட்டப் பஞ்சியாக் கிடக்கு பிள்ளை" என்பார். சோம்பல் இல்லை, மானம். எனக்கு இப்படியான மானஸ்தர்களைக் கண்டால் எரிச்சல் வரும். கூலி வேலைக்கு வந்த இடத்தில் என்ன ராசாத்தி நடப்பு என்று முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன். சிரிப்பார். சிரித்தால் இன்னும் எரிச்சல் வரும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் வேலை செய்த வீடும் நான் வேலை செய்யும் வீடும் லிபெர்த்தாவில் ஒரே கட்டடம். நான் மேலே, படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவரைப் பார்க்கிறேன். அக்கா கீழே சிஞ்ஞோரா எமிலியானா என்ற வீட்டம்மாவிடம். சிஞ்ஞோரா யூத மனுஷி. ஒரு காலத்தில் பாமசி வைத்திருந்தவர். ஒல்லி, நெடுவல், பேச்சில் கத்திரிக்கோல். என் கிழவர் தூங்கும் மத்தியானங்களில் நான் கீழே இறங்கிப்போய் அந்தக் குசினியில் நிற்பேன்.

பலெர்மோவில் யூதர்கள் இருந்தார்கள், அரசன் ஒருவன் நூற்றாண்டுகளுக்கு முன் ஒரேயடியாகத் துரத்தினான் என்பது ஊரறிந்த கதை. அண்மையில் திரும்ப ஒன்றுகூடியவர்களுக்கு ஒரு பெரிய மேசையே போதும். தொழுகைக்கென்று ஒரு அறை வாடகைக்கு வைத்திருந்தார்கள்; அது கைவிட்டுப் போனபின் சிஞ்ஞோராவின் சாப்பாட்டறைதான் எல்லாம். அவர்களுடைய முக்கியமான பிரார்த்தனைகளுக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். நான் கண்ட காலத்தில் பத்துப் பேரை ஒன்றாகக் கண்டதில்லை. ஒருவர் மிலானுக்குப் போனார், ஒருவரை மகன் கூட்டிப்போனான், மற்றவர்கள் ஒவ்வொருவராக மேலே போனார்கள். கடைசியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் கலோஜெரோ என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி மட்டும்தான். மொண்டெல்லோ கடற்கரைக்குப் பஸ் ஓட்டியவர். கத்தோலிக்கனாகப் பிறந்து, தன் முன்னோர் பயத்தில் மதம் மாறிய யூதர்கள் என்று அறுபது வயதில் கண்டுபிடித்துத் திரும்பி வந்தவர்.

பஸ்கா வருகிறதென்றால் அக்காவுக்குப் பேய் பிடித்தது போலிருக்கும். அடிமைகளாக இருந்த அவர்களுடைய ஆட்கள் எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்டபோது மா புளிக்க நேரமிருக்கவில்லையாம். அதை நினைத்து அந்த எட்டு நாளும் பாண், பாஸ்தா, பிஸ்கட், விஸ்கி என்று தானியத்தில் செய்து புளிக்கக்கூடியது எதையும் சாப்பிடக்கூடாது. சாப்பிடுவது மட்டுமில்லை, சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. ஆகவே இருவருமாகப் புத்தகங்களை விரித்து உதறுவார்கள், கோட்டுப் பைகளை வெளியே இழுப்பார்கள், சோபாவின் இடுக்கில் கத்தி விட்டுத் துருவுவார்கள். தெருவில் பேஸ்ட்ரிக் கடைக் கண்ணாடிக்குள் ஈஸ்டருக்கு மார்ட்சிபான் என்ற பாதாம் இனிப்பில் செய்த ஆட்டுக்குட்டிகள் வரிசையாகப் படுத்திருக்கும். இங்கே ஒரு பாண் துகளுக்காக இரண்டு மனுஷிகள் நாலு காலில் தவழ்ந்து திரிவார்கள். அந்த நாட்களில் தின்னும் புளிப்பில்லாத அப்பத்துக்கு அக்கா வைத்த பெயர் உப்பில்லாத பப்படம்.

சரி, வீட்டிலிருக்கிற நல்ல மா, நல்ல பாஸ்தாவையெல்லாம் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தங்கள் மதத்தைச் சேராத ஒருவருக்கு அதை விற்றுவிட வேண்டும். எட்டு நாளும் அது அந்த ஆளுடையது. திருநாள் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சபையில் எல்லோரும் தங்கள் சாமான்களைச் சிஞ்ஞோராவின் வீட்டு நடையிலிருந்த அலுமாரியில் கொண்டுவந்து அடுக்குவார்கள். சிஞ்ஞோரா அதை ஒரு யூரோவுக்கு மனோன்மணியக்காவுக்கு விற்பார். சாவி அக்காவிடம் வரும்.

முதல் வருடம் அக்கா சாவியைத் தொடமாட்டேன் என்று நின்றாராம். "நாளைக்கு ஒரு கரண்டி காணேல்லையெண்டா ஆரைப் பிடிப்பினம்? என்னைத்தானே பிடிப்பினம்? குவெஸ்தூராப் பொலிசில போய் நான் என்னத்தைச் சொல்ல?" சிஞ்ஞோரா விடவில்லை. விடாதது மட்டுமில்லை, பேரம் பேசச் சொன்னார். "நீ குறைத்துக் கேட்கவேண்டும் மனு. நான் கூட்டிச் சொல்லவேண்டும். பேரம் இல்லாவிட்டால் இது நாடகம். நாடகத்தைக் கடவுள் ஒத்துக்கொள்ள மாட்டார்." அக்கா வெட்கத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குறைத்துக் கேட்டாராம். சிஞ்ஞோரா மேசையில் கையை அடித்து, கொள்ளைக்காரி என்று திட்டி, கடைசியில் ஒரு யூரோவுக்கு இறங்கினாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தச் சண்டையை நான் நேரே நின்று பார்த்திருக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, இரண்டும் நல்ல நடிகைகள்.

"நீ திறக்கலாம். சாப்பிடலாம். உண்மையாகவே உன்னுடையது" என்று சிஞ்ஞோரா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அக்கா "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு அலுமாரியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைப்பார்.

"ஏன் அக்கா, ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விசரே உனக்கு? அவா நம்பித் தந்தது." அலுமாரியைத் துடைத்தபடியே சொன்னார்: "முல்லைத்தீவிலை எங்கட காணி என்ர பேரிலதான் கிடக்கு. ஆமிக்காரன் உள்ளுக்கு விடான். இஞ்சை அலுமாரித் திறப்பு என்ர நெஞ்சிலை கிடக்கு, எனக்குத் திறக்க மனம் வருகுதில்லை. எனக்கெண்டு வாறதெல்லாம் ஏன் பிள்ளை உப்பிடி வருகுது?" பிறகு தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திருநாள் முடிந்த அடுத்த நாள் மத்தியானம்தான் அக்காவின் நாள். சிஞ்ஞோரா சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு எதிரே இருக்கும் கதிரையைக் காட்டுவார். "இன்றைக்கு நீ விற்கிறவள். விற்கிறவள் இருக்கவேண்டும்." அந்த வீட்டில் அக்கா கதிரையில் இருக்கும் ஒரே நாள் அதுதான். ஏப்ரனில் கையைத் துடைப்பார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார், பிறகு மேசைக்கு மேலால் வலக்கையை நீட்டுவார். சிஞ்ஞோரா அதில் ஒரு யூரோவை வைத்து விரல்களை மூடிவிடுவார். உடனே அலுமாரி திறக்கும், முதல் பாஸ்தாப் பக்கற் வெளியே வரும், உள்ளியும் எண்ணெயும் போட்டு அவித்து இருவரும் எதிரெதிரே இருந்து சாப்பிடுவார்கள். எனக்கும் ஒரு தட்டு நின்றநிலையில் கிடைக்கும்.

இந்த வருடம் அலுமாரியில் ஒரு தட்டுக்கூட நிறையவில்லை. சிஞ்ஞோராவின் மா, பாஸ்தா, கலோஜெரோவின் விஸ்கிப் போத்தல், அவ்வளவுதான். பேரமும் சிஞ்ஞோராவின் நோய்ப்படுக்கையடியில் நடந்தது. சிஞ்ஞோராவுக்குக் கூட்டிச் சொல்ல மூச்சு வரவில்லை. அக்கா தானே குறைத்துக் கேட்டு, தானே கூட்டிச் சொல்லி, தானே கொள்ளைக்காரி என்று தன்னைத் திட்டி, சாவியை எடுத்துக்கொண்டார். "பேரம் பேசாட்டி செல்லாதெல்லோ" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் நல்லாக இல்லை.

பஸ்கா விருந்துக்கு மேசையில் இருவர். மேசையில் இருப்பவர்களில் ஆக இளையவர் கேள்வி கேட்கவேண்டும் என்பது முறை: இந்த இரவு மற்ற இரவுகளைப் போல ஏன் இல்லை? வழக்கமாகக் குழந்தை கேட்பது. இங்கே நரைத்த மீசைக்கார கலோஜெரோ பஸ்ஸில் தரிப்பிடம் அறிவிக்கிற குரலில் கேட்டாராம். சிஞ்ஞோரா புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லி, இடையில் மூச்சு வாங்கி, திரும்பவும் சொன்னாராம். எலியா தீர்க்கதரிசி வருவார் என்று ஒரு கிண்ணத்தில் வைன் நிறைத்து வைத்து வாசற்கதவைத் திறக்கவேண்டும். திறந்தது அக்கா.

"ஆரும் வரேல்லைப் பிள்ளை. ஒரு வருசமும் ஆரும் வாறேல்லைத்தான். மற்ற வருசங்களிலை உடனை சாத்தச் சொல்லுவா. இந்த முறை சாத்த விடேல்லை. படியிலை லைற்றும் தன்பாட்டிலை நூந்து போச்சு. நான் இருட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன்."

திருநாளின் நடுவில் அம்புலன்ஸ் வந்தது. அக்கா ஆஸ்பத்திரிக்கும் போனார், மலைக்கும் போனார். பெல்லெக்ரினோ மலையில் எங்கள் ஆட்கள் ரோசாலியா மாதா என்று சொல்லும் புனிதைக்கு மெழுகுதிரி நேர்ந்தார். "யூத மனுசிக்காகக் கத்தோலிக்க மாதாவிட்டை சைவக்காரி நேத்தி வைச்சால் ஆர் கேக்கப்போயினம் எண்டு நினைக்கிறியோ? ஆராவது ஒருத்தர் கேக்கட்டும்." ஆஸ்பத்திரியில் சிஞ்ஞோரா மாஸ்க்கை விலக்கி அலுமாரி எப்படி என்று கேட்டாராம். பத்திரம் என்று அக்கா நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். "வந்து வாங்குகிறேன். விலையைக் கூட்டிவிடாதே" என்றாராம் சிஞ்ஞோரா.

வரவில்லை. திருநாள் முடிய முன்னமே போய்விட்டார். சகோதரன் மகள் ஒர்னெல்லா லிவோர்னோவிலிருந்து வந்து, அங்கே சிஞ்ஞோராவின் தாய் தகப்பனைப் புதைத்த இடத்துக்கே உடலைக் கொண்டுபோய்விட்டாள். பலெர்மோவில் செத்தவீடு இல்லை, ஒரு பூ வைக்க இடமும் இல்லை. அக்கா மிஞ்சிய நாட்கள் முழுக்கச் சாவியைக் குத்திக்கொண்டு வெறும் வீட்டுக்குப் போய்த் துடைத்தார். "திருநாள் முடியட்டும், ஆரும் வந்து வாங்குவினம்" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

திருநாள் முடிந்த அடுத்த நாள், வீட்டைக் காலிபண்ண ஒர்னெல்லா திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கி, நித்திரையில்லாத முகம். நல்ல பெண், அவளில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன்னுடைய சிசிலி இத்தாலியனில், நீங்கள் இதை வாங்கவேண்டும் என்றார். ஒர்னெல்லா சம்பளப் பாக்கி கேட்கிறார் என்று நினைத்துப் பேர்சைத் திறந்து ஒரு பெரிய நோட்டை நீட்டினாள். அக்கா ஓரடி பின்வாங்கினார். நான் குறுக்கே போய், இது உங்கள் மாமியின் பஸ்கா வழக்கம், ஒரு யூரோ கொடுத்து அலுமாரியைத் திரும்ப வாங்கவேண்டும் என்று விளக்கினேன். ஒர்னெல்லாவின் வீட்டில் பஸ்கா கொண்டாடுவதில்லை. அவள் அக்காவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, "ஐயோ மனு, அந்த மாவை நான் எங்கே கொண்டுபோக? எல்லாம் உனக்குத்தான். பானை சட்டி வேண்டுமென்றாலும் எடு" என்று சொல்லி, நோட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுச் சொந்தக்காரரைப் பார்க்க இறங்கிப்போனாள்.

அக்கா அந்த நோட்டை உப்புச்சாடிக்குக் கீழே தள்ளிவிட்டார். முகம் கறுத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பிரார்த்தனைப் புத்தகங்களை எடுத்துப்போகக் கலோஜெரோ ஒரு பழப் பெட்டியோடு வந்தார். சிஞ்ஞோராவுக்காகச் சொல்லவேண்டிய பிரார்த்தனையைத் தன்னால் இன்னும் சொல்ல முடியவில்லை, பத்துப் பேர் இல்லை என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பத்துப் பேரோ? கேள் பிள்ளை, எங்கட ஆக்கள் வந்து நிண்டால் காணாதோ எண்டு. பத்தென்ன, ஒரு ரெலிபோன் அடிச்சால் மண்டபம் நிறைய வருவினம். தொப்பி போடச் சொன்னாலும் போடுவினம்."

நான் கேட்டேன். கலோஜெரோ அக்காவின் பிளீச் மணக்கும் கையைப் பிடித்துக்கொண்டார். "வரட்டும், நல்லது. ஆனால் எண்ணிக்கையில் சேராது." இதைச் சொல்ல அவருக்கு வலித்தது, அது முகத்தில் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. யாரில் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"அப்ப அலுமாரியையாவது வாங்கச் சொல்லு" என்றார் அக்கா.

அதற்கும் கலோஜெரோ மறுத்துத் தலையாட்டினார். அவர் பெர்கமோவுக்கு மகள் வீட்டுக்குப் போகிறார். பலெர்மோவில் இனி மேசையுமில்லை, சபையுமில்லை. "நான் வாங்கத் தேவையில்லை, மனு. அது விளையாட்டு விற்பனை இல்லை. எமிலியானா ஒவ்வொரு வருடமும் உண்மையாகத்தான் விற்றாள். திரும்ப வாங்கியே தீரவேண்டும் என்று சட்டமில்லை. அது உன்னுடையது. என் விஸ்கியும் உன்னுடையது."

மனோன்மணியக்கா இத்தனை வருடமாக அதை அடகுவைத்த அடைவு என்றுதான் நினைத்திருந்தார். சொந்தக்காரர் கட்டாயம் வந்து மீட்டுப்போகிற அடைவு. கலோஜெரோ புத்தகப் பெட்டியோடு படியிறங்கிப் போகும்வரை சாவியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "வேணுமெண்டு அழுத காணி இன்னும் வரேல்லை. வேண்டாமெண்டு நிண்டது வந்திட்டுது" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அலுமாரிக்கு முன்னால் போய் நின்று, முதன்முதலாகத் தன் கையால் அதைத் திறந்தார். உள்ளே ஒரு மூலையில் மா, அதன் பக்கத்தில் பாஸ்தா, பின்னால் விஸ்கி. தட்டில் படிந்திருந்த தூசியை ஏப்ரன் நுனியால் துடைத்தார். ஒரு பாஸ்தாப் பக்கற்றை எடுத்தார்.

"செத்தவீட்டுக்குப் போகேல்லை. எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் இல்லை" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "ஒரு பிடி அவிச்சு வைப்பம்."

உள்ளி பொரிந்த மணம் வெறும் சுவர்களில் முட்டியது. காலையில் ஒர்னெல்லா படங்களைக் கழற்றிய இடமெல்லாம் சுவரில் வெள்ளைச் சதுரங்கள். அக்கா இரண்டு தட்டில் போட்டார். ஒன்றைச் சிஞ்ஞோராவின் இடத்தில் வைத்தார், மற்றதை எதிரே வைத்தார். எனக்குத் தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கதிரையை இழுத்து இருந்தார். சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏப்ரனில் வலக்கையைத் துடைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மேசைக்கு மேலால் கையை நீட்டினார்.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பேர்சுக்குள் கையை விட்டேன்.

"நீ இல்லைப் பிள்ளை" என்றார், திரும்பாமலே.

பாஸ்தாவில் ஆவி அடங்கிவிட்டது. கை நீட்டினபடியே இருந்தது.